இந்தக் கப்பல் யார் கட்டளைக்கு?

2020 ஜூலை 1-ந் தேதி தூத்துக்குடித் துறைமுகத்தில் சாம்பல் நிறக் கப்பல் ஒன்று வந்து நின்றது. ஈரான் நாட்டின் பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து ஜூன் 25-ந் தேதி 687 பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட கப்பல் அது. வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழக மீனவர்கள். பிறர் படகில் கூலிக்கு மீன் பிடிக்கக் கடல் கடந்து போனவர்கள். கொரோனா நோய் பரவியதும் வேலையும் போய், ஊர் திரும்ப வழியும் இல்லாமல், மாதக் கணக்கில் அந்நியக் கரையில் தவித்துக் கிடந்தவர்கள்.

அதற்கு முன்பே, ஜூன் மாத ஆரம்பத்தில், கொழும்பிலிருந்து 685 பேரையும் மாலத்தீவிலிருந்து 700 பேரையும் இதே கப்பல் தூத்துக்குடியில் இறக்கியிருந்தது. அந்த நாட்களில் நான்கு கடற்படைக் கப்பல்கள் சேர்ந்து மொத்தம் 3,992 பேரைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்தன. அவற்றில் மிகப் பெரியது இதுதான். இரவு பகல் பாராமல், நோய்க்கு அஞ்சாமல் உழைத்த அந்த மாலுமிகளுக்கு நாம் தலை வணங்குகிறோம். அவர்களும் தொழிலாளர், விவசாயிகள் வீட்டுப் பிள்ளைகள்தான்.

கப்பலின் பெயர் ‘ஜலாஷ்வா’. அதற்கு முன்னொரு பெயர் இருந்தது. அந்தப் பெயரில் அது செய்த வேலையை அறிந்தால், ஒரு கப்பல் எதற்காகக் கட்டப்படுகிறது, யாருக்காக ஓடுகிறது என்ற கேள்வி எழாமல் போகாது. அந்தக் கேள்வியைத்தான் இங்கே எழுப்ப விரும்புகிறோம்.

சியாட்டில் தொழிலாளியின் கைவண்ணம்

1966-ம் வருஷம் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சியாட்டில் நகரில், லாக்ஹீட் கம்பெனியின் கப்பல் கட்டும் தளத்தில் இதற்கு அடித்தளம் இடப்பட்டது. 1968-ல் நீரில் இறக்கப்பட்டது. 1971 மார்ச்சில் ‘ட்ரென்டன்’ என்ற பெயரில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தது. வியட்நாம் மண்ணில் அமெரிக்க ஏகாதிபத்தியம் குண்டுமாரி பொழிந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை.

சியாட்டில் என்றதும் உலகத் தொழிலாளி வர்க்கத்துக்கு வேறொன்று நினைவுக்கு வரும். 1919 ஜனவரியில் அந்த நகரத்துக் கப்பல் கட்டும் தொழிலாளர்கள் 35,000 பேர் கூலி உயர்வுக்காக வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்கு ஆதரவாகப் பிப்ரவரி மாதம் நகரமே பொது வேலை நிறுத்தத்தில் இறங்கியது. அதே வருஷம், சோவியத் ருஷ்யாவின் விரோதி கோல்சாக்கின் படைக்கு அனுப்பவிருந்த துப்பாக்கிகளைக் கப்பலில் ஏற்ற மாட்டோம் என்று சியாட்டில் துறைமுகத் தொழிலாளர்கள் மறுத்துவிட்டார்கள். கப்பலைக் கட்டுகிறவனுக்கும் சரக்கை ஏற்றுகிறவனுக்கும் அது எங்கே போகிறது, எதற்குப் போகிறது என்று கேட்கும் உரிமை உண்டு என்பதை உலகுக்குச் சொன்ன நகரம் அது.

‘ட்ரென்டன்’ கட்டப்பட்ட காலத்தில் அந்த உரிமை கம்பெனி முதலாளிகளின் கையிலும் ராணுவத் தலைமையின் கையிலும் இருந்தது. தொழிலாளி தகடு வெட்டினான், பற்றவைத்தான், கொதிகலனைப் பொருத்தினான். ராணுவ ஒப்பந்தம் இருந்தவரை தளம் ஓடியது. லாபம் குறைந்ததும் 1980-களின் இறுதியில் தளமே மூடப்பட்டது. கட்டியவன் வீதிக்கு வந்தான். கப்பல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கரையில் படை இறக்கும் கருவி

இது சாதாரணப் போர்க்கப்பல் அல்ல. நீளம் ஏறக்குறைய 174 மீட்டர். முழுச் சுமையோடு எடை சுமார் 17,000 டன். கப்பலின் பின்புறத்து வயிற்றுக்குள் ஒரு குளம் போன்ற அறை உண்டு. தொட்டிகளில் கடல்நீரை நிரப்பினால் பின்பாகம் தாழும், கதவு திறக்கும், நீர் உள்ளே வரும், உள்ளே நிற்கும் இறங்கு படகுகள் மிதந்து வெளியே போகும். அந்தப் படகுகள் சிப்பாய்களையும் டாங்கிகளையும் நேராகக் கரை மணலில் கொண்டுபோய் இறக்கும். மேல்தளத்திலிருந்து ஹெலிகாப்டர்கள் பறக்கும். ஏறக்குறைய ஆயிரம் சிப்பாய்களைச் சுமக்கலாம். துறைமுகம் வேண்டாம், கரைக்காரனின் அனுமதியும் வேண்டாம்! அடுத்தவன் நாட்டுக் கரையில் அழைக்காமல் போய் இறங்குவதற்கென்றே தயாரிக்கப்பட்ட யந்திரம் இது.

எங்கே போய் இறங்கியது?

1983 அக்டோபர் 25-ந் தேதி கிரெனடாவில் இறங்கியது. கரிபியன் கடலில் ஒரு லட்சம் ஜனங்கள் வாழ்ந்த சின்னஞ்சிறு தீவு அது. 1979-ல் புரட்சி நடத்தி, புதிய வாழ்வைக் கட்டத் தொடங்கியிருந்தது. அதன் தலைவர் மாரிஸ் பிஷப், சொந்த இயக்கத்துக்குள் மூண்ட சண்டையில், அக்டோபர் 19-ந் தேதி கொல்லப்பட்டார். அது புரட்சி தனக்குத் தானே செய்துகொண்ட பெரும் துரோகம். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் துயரத்தையே சாக்காக வைத்துக்கொண்டு, லெபனானுக்குப் போய்க்கொண்டிருந்த கப்பற்படையை ரீகன் சர்க்கார் பாதி வழியில் கிரெனடா பக்கம் திருப்பியது. அந்தப் படையில் ‘ட்ரென்டன்’ இருந்தது. படையெடுப்பின்போது மனநோய் மருத்துவமனை ஒன்றின் மீதே குண்டு விழுந்து நோயாளிகள் மாண்டார்கள். ஐ.நா. பொதுச்சபை 108 ஓட்டுக்கு 9 என்ற கணக்கில் இந்த ஆக்கிரமிப்பைக் கண்டித்தது. கண்டனத் தீர்மானத்தைப் பார்த்துக் கப்பல் திரும்பிப் போகவில்லை.

1988 ஏப்ரல் 18-ந் தேதி பாரசீக வளைகுடாவில் இறங்கியது. இரண்டு நாசகாரிக் கப்பல்களோடு சேர்ந்து ‘ட்ரென்டன்’ ஈரானின் சஸ்ஸான் எண்ணெய் மேடையைத் தாக்கப் போயிற்று. பீரங்கிகள் முழங்கின. ‘ட்ரென்டன்’ சுமந்து வந்த சிப்பாய்கள் மேடையில் ஏறி, வெடி வைத்து அதை நாசம் செய்தார்கள். சில நாட்களுக்கு முன்பு அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று கடல் கண்ணியில் சிக்கியதற்குப் பதிலடி என்றார்கள். 2003 நவம்பரில் சர்வதேச நீதிமன்றம், ஈரானிய எண்ணெய் மேடைகள் மீது நடந்த இந்தத் தாக்குதல்களைத் தற்காப்பு என்று நியாயப்படுத்த முடியாது என்று கூறிவிட்டது.

1988-ல் ஈரானின் எண்ணெய் மேடையை உடைக்கப் போன அதே கப்பல்தான் 2020-ல் ஈரானின் துறைமுகத்துக்கு வேறு பெயரோடு, வேறு கொடியோடு போயிற்று. அன்று சிப்பாய்கள் தங்கிய அதே தளங்களில் இன்று கன்னியாகுமரி, ராமநாதபுரம் மீனவன் படுத்துறங்கி வந்தான். இரும்பு அதே இரும்புதான். யந்திரம் அதே யந்திரம்தான். மாறியது கட்டளை. கப்பலுக்குப் பகை கிடையாது. கப்பலை ஏவுகிறவனுக்குத்தான் உண்டு.

இந்தக் கப்பலின் அமெரிக்க வாழ்விலும் நல்ல நாட்கள் இல்லாமல் போகவில்லை. 1991 ஜனவரியில் சோமாலியாவின் தலைநகர் மொகதிஷு கலவரத்தில் சிக்கியபோது, இதுவும் ‘குவாம்’ என்ற கப்பலும் சேர்ந்து பல நாட்டைச் சேர்ந்த 281 பேரை மீட்டன. 2006-ல் லெபனான் மீது இஸ்ரேல் குண்டு வீசியபோது, அங்கிருந்து 1,775 அமெரிக்கப் பிரஜைகளை ஏற்றி வந்தது. குண்டு வீசுகிற இஸ்ரேலுக்கு ஆயுதம் கொடுப்பதும் வாஷிங்டன். அந்தக் குண்டுக்குத் தப்பித் தன் பிரஜைகளை அழைத்துப் போவதும் வாஷிங்டன்! லெபனான் ஜனங்களுக்குக் கப்பல் ஏது?

பழைய கப்பல், புதிய கயிறு

2004 டிசம்பர் சுனாமியின்போது, பெருங்கூட்டமான ஜனங்களையும் நிவாரணப் பொருட்களையும் சுமக்கத் தக்க பெரிய கப்பல் இல்லையே என்ற குறை நமது நாட்டில் உணரப்பட்டது. அந்தக் குறை உண்மைதான். நாகப்பட்டினம் முதல் அந்தமான் வரை அழுத குரலைக் கேட்டவர்கள் எவரும் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கண்ணீரைக் காட்டி டில்லி சர்க்கார் செய்த வியாபாரம் என்ன?

2005 ஜூன் மாதம் அமெரிக்காவோடு பத்து வருஷ ராணுவ உறவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அந்த உறவின் முதல் பெரிய பண்டமாக, அமெரிக்கக் கடற்படை கழித்துவிடத் தீர்மானித்திருந்த ‘ட்ரென்டன்’ நமது தலையில் கட்டப்பட்டது. விலை சுமார் 4 கோடியே 80 லட்சம் டாலர். அதன் மீது ஏற்றுவதற்குப் பழைய ஹெலிகாப்டர்கள் ஆறு, தனி விலைக்கு. 2007 ஜூன் 22-ந் தேதி, அமெரிக்காவின் நார்ஃபோக் துறைமுகத்தில் ‘ஜலாஷ்வா’ என்ற புதுப் பெயரோடு இந்தியக் கொடி ஏற்றப்பட்டது. அப்போது கப்பலுக்கு வயது 36.

எட்டு மாதம்கூட ஆகவில்லை. 2008 பிப்ரவரி 1-ந் தேதி கப்பலுக்குள் நச்சு வாயு கசிந்து, அதிகாரி ஒருவர் உள்பட ஆறு பேர் மாண்டார்கள். யுத்தம் இல்லை, எதிரி இல்லை. தங்கள் கப்பலுக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்தார்கள் அந்த வாலிபர்கள். அவர்கள் வீட்டுத் தாய்மாருக்குச் சர்க்கார் சொன்ன சமாதானம் என்ன?

அடுத்த மாதமே தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை பார்லிமெண்டுக்கு வந்தது. கப்பலின் நிலையைச் சரிவர ஆராயாமலே அவசரப்பட்டு வாங்கினார்கள் என்று அது குற்றம் சாட்டியது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றையும் அம்பலமாக்கியது. இந்தக் கப்பலைத் தாக்குதல் காரியங்களுக்கு ஈடுபடுத்தக் கட்டுப்பாடு உண்டு. கொடுத்த பொருட்கள் எந்த நிலையில் இருக்கின்றன, எப்படிப் பயன்படுகின்றன என்று அமெரிக்க சர்க்கார் வந்து சோதனை போடவும் உரிமை உண்டு என்று ஒப்பந்தத்திலேயே ஷரத்து எழுதப்பட்டிருந்தது!

பணம் நம்முடையது, கொடி நம்முடையது, சாகிற மாலுமி நம்முடையவன். கணக்குப் பார்க்கிறவன் மட்டும் அவன். வீட்டை விற்றுவிட்டு, சாவியில் ஒன்றைத் தன் இடுப்பிலேயே செருகிக்கொள்கிற வியாபாரி இவன்.

சிலர் நம்மைப் பார்த்துக் கேட்கலாம்: “தாக்குதலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது நல்ல ஷரத்துதானே? சமாதானம் பேசுகிற நீங்கள் சந்தோஷப்பட வேண்டாமா?” என்று. கிரெனடாவில் போய் இறங்கியவன் நமக்கு அஹிம்சை போதிக்கிறானா? நமது நாடு எந்த நாட்டின் மீதும் படையெடுக்கக் கூடாது என்பதே நமது கொள்கை. ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் இந்திய ஜனங்களும் அவர்களுடைய பார்லிமெண்டும்தான். வாஷிங்டன் வியாபாரி அல்ல. இன்று எதைச் செய்யாதே என்று சொல்கிறவன், நாளை எதைச் செய் என்றும் சொல்லுவான்.

நடந்ததும் அதுதான். 2009-ல் இந்தச் சோதனை உரிமை, அமெரிக்க ஆயுதங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஏற்பாடாக ஒப்புக்கொள்ளப்பட்டது. 2016-ல் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் நமது துறைமுகங்களில் எரிபொருளும் பராமரிப்பும் பெற வழி செய்யும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஒரு பழைய கப்பலோடு வந்த கயிறு இப்படித்தான் நீண்டுகொண்டே போகிறது.

இதைச் சொல்லும்போது நம்மைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கப்பல் வாங்கியபோது டில்லியில் இருந்தது காங்கிரஸ் தலைமையிலான சர்க்கார். இடதுசாரிகள் வெளியிலிருந்து ஆதரவு தந்துகொண்டிருந்த காலம் அது. ராணுவ ஒப்பந்தத்தை எதிர்த்தோம், கண்டித்தோம். 2007 செப்டம்பரில் வங்கக் கடலில் அமெரிக்காவோடு கூட்டு யுத்தப் பயிற்சி நடந்தபோது, சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் விசாகப்பட்டினத்துக்கு இடதுசாரிகளின் ஜாத்தாக்கள் புறப்பட்டன. அந்த விசாகப்பட்டினம்தான் ‘ஜலாஷ்வா’வின் தளம். 2008-ல் அணு ஒப்பந்தப் பிரச்னையில் ஆதரவையும் வாபஸ் வாங்கினோம். ஆனாலும் கயிறு அதற்குள் கட்டப்பட்டுவிட்டது. பார்லிமெண்டில் எழும் குரல் மட்டும் போதாது, வெகுஜனங்களின் விழிப்பும் வேண்டும் என்ற பாடத்தை நாம் மறக்கலாகாது.

நம்மால் கட்ட முடியாதா?

“மலிவாகக் கிடைத்தது, வாங்கினோம். புதிதாகக் கட்ட நாளாகும்” என்பது ஆட்சியாளர்களின் வாதம். விசாகப்பட்டினத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. 1948 மார்ச் 14-ந் தேதி, சுதந்திரம் வந்து ஒரு வருஷம் முடிவதற்குள், 8,000 டன் ‘ஜல உஷா’ என்ற கப்பலை அங்கே நேரு நீரில் இறக்கி வைத்தார். அதைக் கட்டிய தளம் பிற்பாடு சர்க்காருக்குச் சொந்தமாயிற்று. இன்றைய ஹிந்துஸ்தான் ஷிப்யார்ட் அதுதான். விடுதலை பெற்ற ஏழு மாதத்தில் முடிந்த காரியம், அறுபது வருஷத்துக்குப் பின் முடியாமல் போனது எப்படி?

முடியாமல் போகவில்லை, முடியவிடவில்லை. இவ்வகைக் கப்பல்கள் நான்கை இந்தியாவிலேயே கட்டத் திட்டம் போட்டார்கள். அவற்றில் இரண்டைப் பொதுத்துறையான ஹிந்துஸ்தான் ஷிப்யார்டில் கட்டுவது என்று ஆதியில் பேச்சு இருந்தது. 2013-ல் டெண்டர் கேட்டபோது மூன்று தனியார் கம்பெனிகள் அழைக்கப்பட்டன. சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் தளம் வைத்திருக்கும் லார்சன் அண்ட் டூப்ரோ ஒன்று. மற்ற இரண்டு, ஏ.பி.ஜி.யும் பிபாவாவும். அந்த இரண்டும் கடனில் மூழ்கித் திவால் நடவடிக்கைக்குப் போயின. ஏ.பி.ஜி. கம்பெனி வங்கிகளை ரூ.22,842 கோடிக்கு ஏமாற்றியதாக 2022 பிப்ரவரியில் சி.பி.ஐ. வழக்கே பதிவு செய்தது. கப்பல் கட்டச் சொன்னால் முதலாளிகள் வங்கியை மூழ்கடித்தார்கள்! டெண்டர் 2020-ல் கைவிடப்பட்டது. 2025 அக்டோபரில்தான் இவ்வகைக் கப்பல்களுக்கு மறுபடியும் முதல் கட்ட ஒப்புதல் தரப்பட்டது. ‘ஜலாஷ்வா’ வந்து பதினெட்டு வருஷம் கடந்த பிறகு!

இந்தப் பதினெட்டு வருஷத்தில் பொதுத்துறைத் தளத்துக்கு முறையாக வேலை கொடுத்திருந்தால், எத்தனை ஆயிரம் பற்றவைப்பாளர்களுக்கும் குழாய்த் தொழிலாளர்களுக்கும் யந்திரத் தொழிலாளர்களுக்கும் வாழ்வு கிடைத்திருக்கும்!

கடலிலே கப்பல், தண்டவாளத்திலே பிணம்

இன்னொரு நாளையும் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 2020 மே 8-ந் தேதி மாலத்தீவின் மாலே துறைமுகத்தில் 698 பேர் ‘ஜலாஷ்வா’வில் ஏறினார்கள். அவர்கள் மே 10-ந் தேதி கொச்சி வந்து சேர்ந்தார்கள். நாடெங்கும் பத்திரிகைகள் கப்பலின் படத்தைப் போட்டன.

அதே மே 8-ந் தேதி விடியற்காலையில், மகாராஷ்டிரத்தில் அவுரங்காபாத் அருகே, ஊருக்கு நடந்தே போய்க் களைத்துத் தண்டவாளத்தில் படுத்துத் தூங்கிய 16 தொழிலாளர்கள் மீது சரக்கு ரயில் ஏறியது. நான்கே மணி நேர அவகாசம் கொடுத்து நாட்டையே பூட்டிய சர்க்கார், அந்தத் தொழிலாளிக்கு ஒரு ரயில் பெட்டியில் இடம் கொடுக்கவில்லை. தண்டவாளம் அவனுக்குப் பாதையாயிற்று, பாயாயிற்று, பாடையும் ஆயிற்று.

கடலுக்கு அப்பால் கிடந்தவனை அழைத்து வந்தது தவறு என்று நாம் சொல்லவில்லை. அவனும் நம்மவன். 17,000 டன் கப்பலைத் திருப்பி ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுவரத் தெரிந்த ராஜ்யத்துக்கு, உள்நாட்டில் ரயில் ஓட்டத் தெரியாதா? தெரியும். சக்தி இல்லாமல் அல்ல, சித்தம் இல்லாமல்தான் அந்த 16 பேர் செத்தார்கள்.

ஈரானுக்கும் மாலத்தீவுக்கும் நமது பிள்ளைகள் கூலிக்குப் போவானேன்? வாழ வைக்க மார்க்கமில்லாத கரையிலிருந்து போனார்கள். கப்பல் அவர்களைத் திரும்பவும் அதே கரையில்தான் இறக்கிவிட்டது. இறங்கிய மறுநாள் அவர்களுடைய கடனுக்கும் கஞ்சிக்கும் வழி சொல்ல எந்தக் கப்பலும் வரவில்லை.

நமது கோரிக்கை

நாட்டுக்குக் கடற்படை வேண்டாம் என்று சொல்கிறவர்கள் அல்ல நாம். புயலிலும் வெள்ளத்திலும் சுனாமியிலும், அந்நிய நாட்டில் யுத்தம் மூளும்போதும், நமது ஜனங்களைச் சுமந்து வரப் பெரிய கப்பல்கள் வேண்டும். அவற்றை நமது பொதுத்துறைத் தளங்களில் நமது தொழிலாளிகள் கட்ட வேண்டும். எந்த அந்நிய சர்க்காருக்கும் அவற்றுக்குள் நுழைந்து சோதனை போடும் உரிமை இருக்கக் கூடாது. அமெரிக்காவோடு செய்த ராணுவ ஒப்பந்தங்களின் ஷரத்துகள் யாவும் பார்லிமெண்டின் முன் பகிரங்கமாக வைக்கப்பட்டு, ரத்து செய்யப்பட வேண்டும். மாலுமியின் உயிரைப் பணயம் வைத்துக் கழித்துக் கட்டிய சரக்கை வாங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். அந்நியக் கரைகளில் உழைக்கும் மீனவனுக்குக் கூலிப் பாதுகாப்பும், ஆபத்தில் தாமதமின்றி ஊர் திரும்பும் உத்தரவாதமும் சட்டப்படி வேண்டும்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ.உ. சிதம்பரனாரின் பெயரைச் சூட்டியிருக்கிறோம். 1906-ல், வெள்ளைக் கம்பெனியை எதிர்த்துச் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டவர் அவர். 1908-ல் கோரல் மில் தொழிலாளிகளின் வேலை நிறுத்தத்திலும் தோளோடு தோள் நின்றவர் அவர். கப்பலும் நம்முடையதாக இருக்க வேண்டும், அதை இயக்கும் நாட்டில் தொழிலாளிக்கும் நியாயம் கிடைக்க வேண்டும் என்ற இரண்டையும் ஒன்றாகக் கண்ட தலைவர்.

அவர் பெயர் தாங்கிய அந்தத் துறையில்தான், அமெரிக்கச் சாவி தொங்கும் கப்பலிலிருந்து நமது மீனவர்கள் இறங்கினார்கள். அந்தச் சாவியைத் திரும்பப் பெறுகிற வரையில், சுதேசிக் கப்பல் போராட்டம் முடிந்துவிட்டதென்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது.